மடிக்கணனி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: உடம்பு, திரை, உழைப்பு

(தோட்டச் சமூக நிலையத்தில், பெற்றோரும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்த கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். அந்தக் களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கொஞ்ச நாளாக எங்கள் அலுவலகத்துக்கு வருகிற பெற்றோர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "புள்ளை லெப்டொப் கேக்குது. எதை வாங்கிறது? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், மாமா மகன் ஒண்ணு சொல்றான். எங்களுக்கு ஒண்ணும் விளங்கல." இந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நடுத்தர மடிக்கணனியின் விலை ஒரு பேச்சுக்கு இரண்டு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு வர்த்தமானியில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. இரண்டு இலட்சத்தை அதால் பிரித்தால் 148 வரும். அதாவது 148 பேர் போட வேண்டும். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஆறு மாதச் சம்பளம். அதில் ஒரு சதம்கூட அரிசிக்கும் மருந்துக்கும் எடுக்காமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு.

இவ்வளவு பெரிய காசை, பெட்டியில் ஒட்டியிருக்கும் வர்ணத் தாளைப் பார்த்துக் கொடுத்துவிட முடியாது. மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடக்க வைத்துப் பார்க்கிறோம், கறந்து பார்க்கிறோம். மடிக்கணனிக்கும் அப்படித்தான். உடம்பு, திரை, உழைப்பு என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது.

உண்மையில் தேவையா?

எல்லாப் பிள்ளைக்கும் இப்போதே மடிக்கணனி தேவை இல்லை. இதைச் சொன்னால் இங்கே இருக்கும் தம்பிமாருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமெல்லாம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்தான். ஒரு போனில் மூன்று பிள்ளைகள் படித்த வீடுகளும் இங்கே இருக்கின்றன. அந்தக் காலத்து வேதனையினால் "எப்படியாவது ஒரு லெப்டொப் வாங்கிக் குடுத்திரணும்" என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது நியாயமான நினைப்பு.

ஆனால் சாதாரண தரம் வரை படிக்கும் பிள்ளைக்குப் பாடம் பார்க்கவும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைப் பார்க்கவும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை இறக்கிப் படிக்கவும் பெரும்பாலும் ஒரு நல்ல போன் போதும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை, பல்கலைக்கழகம் அல்லது கல்வியியற் கல்லூரி போகிற பிள்ளை, கணக்கியல் படிக்கிற பிள்ளை, தட்டச்சு வேலை செய்து உழைக்கப் போகிற பிள்ளை, இவர்களுக்கு மடிக்கணனி தேவை. நீண்ட கட்டுரை எழுதுவதற்கும் நிகழ்ச்சித்திட்டம் எழுதிப் பழகுவதற்கும் போன் உதவாது.

இன்னொன்றும் சொல்கிறோம். வீட்டில் மகனும் மகளும் இருந்தால் மெஷின் இருவருக்கும் பொது. "அவன் ஆம்பளைப் புள்ளை, அவனுக்குத்தான்" என்று வைக்காதீர்கள். விண்டோஸில் ஆளுக்கொரு கணக்குத் திறந்து, ஆளுக்கொரு நேரம் பிரித்துக் கொடுங்கள்.

சரி, தேவை என்று முடிவெடுத்துவிட்டீர்கள். இனி மெஷினைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒன்று

பேச்சு வெறும் காற்றில் போகாமல் இருக்க, கடைகளில் பரவலாகக் கிடைத்த ஒரு நடுத்தர மெஷினை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஏஸூஸ் கம்பனியின் விவோபுக் 15, மாதிரி இலக்கம் எக்ஸ்1504. இதைத்தான் வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. லெனோவோ, ஹெச்பி, ஏசர், டெல் எல்லாவற்றிலும் இதே தரத்தில் மெஷின்கள் உண்டு. ஒன்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மற்றதையும் அதே கண்ணால் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். ஒரே பெயரில் வரும் மெஷின் எல்லாம் ஒன்றல்ல. வெளியே ஒரே உடம்பு, உள்ளே ஒன்றில் ஐ3 இருக்கும், இன்னொன்றில் ஐ5 இருக்கும். திரையும் மாறும், ரெம்மும் மாறும். ஆகவே பெயரை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். முழு மாதிரி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

உடம்பு

இந்த மெஷினின் நிறை 1.7 கிலோ. நிறைந்த கொழுந்துக் கூடையைத் தூக்குகிற உங்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனால் புத்தகம், தண்ணீர்ப் போத்தல், குடை, சார்ஜர் எல்லாவற்றோடும் சேர்த்து, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பிள்ளையின் முதுகில் 1.7 கிலோ தெரியும். இரண்டு கிலோவுக்கு மேல் போனால் யோசியுங்கள்.

உடம்பு பிளாஸ்டிக். நடுத்தர விலையில் அதுதான் வழக்கம், குறை இல்லை. பார்க்க வேண்டியது கீல். மூடியை ஒரு கையால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். 'கிறீச்' என்று சத்தமோ, ஒரு பக்கம் இறுக்கம் மறுபக்கம் தளர்வோ இருக்கக்கூடாது. கீல் போனால் திரையும் சேர்ந்து உடையும். மூடியைத் திறக்கும்போது மூலையில் பிடித்து இழுக்காமல், நடுவில் பிடித்துத் திறக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அடுத்து விசைப்பலகை. நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கும், பரவாயில்லை. பள்ளம் விழுந்தால் வேண்டாம். எல்லா விசையையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். இந்த மெஷினில் வலது பக்கம் இலக்கங்களுக்குத் தனி வரிசை உண்டு. கணக்கியல் படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பக்கத்தில் இருக்கும் துவாரங்களைப் பாருங்கள். சாதாரண யூ.எஸ்.பி. மூன்று, புதுவிதமான சின்ன யூ.எஸ்.பி. சி ஒன்று, ரீவிக்குக் கொடுக்கும் ஹெச்டிஎம்ஐ ஒன்று. போன் சார்ஜர் மாதிரி இருப்பதால் அந்தச் சின்னத் துவாரத்தில் மெஷினைச் சார்ஜ் பண்ணலாம் என்று நினைக்க வேண்டாம். எல்லா மெஷினிலும் அது நடக்காது. இந்த மாதிரியில் அது தகவல் அனுப்ப மட்டும்தான், சார்ஜருக்கு வேறு வட்டத் துவாரம் இருக்கிறது. வேறு மெஷினில் சி துவாரத்திலேயே சார்ஜ் ஏறும். அப்படிப்பட்ட மெஷின் வாங்கினால் சார்ஜர் பழுதானாலும் இன்னொன்று தேடுவது சுகம். கடையில் கேளுங்கள்.

ஹெச்டிஎம்ஐ இருந்தால் வீட்டு ரீவியோடு ஒரு வயரால் இணைக்கலாம். மூன்று பிள்ளைகள் சேர்ந்து பாடம் பார்க்க வேண்டிய வீட்டில் இது நல்ல வழி.

கமராவுக்கு முன்னால் தள்ளி மூடும் சின்ன மூடி உண்டா என்று பாருங்கள். இந்த மெஷினில் உண்டு. பிள்ளை படிக்காத நேரம் மூடியே இருக்கட்டும். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்க வேண்டாம்.

திரை

திரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வெளிச்சமான விளக்கின் கீழ், வர்ணப் பூவும் கிளியும் ஓடும் படத்தைக் காட்டுவார்கள். எல்லாத் திரையும் அப்போது நன்றாகத்தான் இருக்கும்.

நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, புள்ளிகளின் எண்ணிக்கை. திரையின் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 1366 பெருக்கல் 768 என்றால் சுமார் பத்தரை இலட்சம் புள்ளி. 1920 பெருக்கல் 1080 என்றால் இருபது இலட்சத்துக்கு மேல். இரண்டாவதைத்தான் 'ஃபுல் ஹெச்டி' என்கிறார்கள். தமிழ் படிக்கிறவர்களுக்கு இது முக்கியம். எங்கள் எழுத்தில் சுழி அதிகம், மேலே புள்ளி உண்டு. புள்ளி குறைந்த திரையில் சின்ன எழுத்தில் 'க'வும் 'க்'கும் ஒன்றுபோலத் தெரியும். இரவில் மூன்று மணித்தியாலம் அப்படிப் படித்தால் கண் நோகும். இந்தக் காலத்தில் ஃபுல் ஹெச்டிக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, திரையின் இனம். டிஎன் என்று ஒரு இனம், ஐபிஎஸ் என்று ஒரு இனம். டிஎன் திரையை நேரே பார்த்தால் சரி, மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும் அல்லது கறுத்துப் போகும். ஐபிஎஸ் அப்படி இல்லை. கடையில் பெயர் கேட்டு விளங்காவிட்டால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு மனிதரின் முகப்படத்தைத் திரையில் போடச் சொல்லுங்கள். மூடியை முன்னும் பின்னும் சாயுங்கள். பிறகு எழுந்து நின்று பாருங்கள், பக்கத்தில் போய்ப் பாருங்கள். முகத்தின் நிறம் பேய் மாதிரி மாறினால் அது டிஎன். காம்பராவில் அக்காளும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கிற எங்கள் வீடுகளுக்கு ஐபிஎஸ்தான் பொருத்தம். லெனோவோவின் ஐடியாபேட் ஸ்லிம் 3 என்ற மெஷின் டிஎன் திரையோடும் வந்தது, ஐபிஎஸ் திரையோடும் வந்தது. பெயர் ஒன்றுதான். ஆகவே சோதித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, வெளிச்சம். இதை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். நாங்கள் உதாரணம் காட்டும் மெஷினுக்கு 250 நிட்ஸ். வீட்டுக்குள்ளே, இரவில், மப்பான நாளில் இது தாராளம். ஆனால் பகலில் ஸ்தோப்பில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தால் திரை மங்கித் தெரியும். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் சிரமம். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போட்டால் இந்தக் குறையில் பாதி தீரும். 300 நிட்ஸ் அல்லது அதற்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது.

நான்காவது, நிறம். இந்தத் தரத்து மெஷின்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருக்கும். விளக்கம் என்னவென்றால், நிறம் கொஞ்சம் செத்துத்தான் தெரியும். நல்ல சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். படிப்புக்கும் தட்டச்சுக்கும் இதனால் ஒரு நட்டமும் இல்லை. கலியாண அல்பம் செய்கிறவர், விளம்பரம் வரைகிறவர் மட்டும் கூடிய நிறமுள்ள திரையைத் தேட வேண்டும். பிள்ளை அந்தத் தொழிலுக்குப் போகாவிட்டால் அதற்கென்று மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

உழைப்பு

ஒரு மெஷின் எவ்வளவு வேகமாக உழைக்கும் என்பதை மூன்று பொருள் தீர்மானிக்கும். எங்களுக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறோம்.

மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள்தான் புரொசெசர். கொழுந்தைக் கொட்டி நிறுக்கும் மடுவம்தான் ரெம். கொழுந்து போய்ச் சேரும் ஸ்டோர்தான் டிஸ்க். ஐம்பது பேர் கொழுந்தெடுத்தாலும், மடுவம் சின்னதாக, ஒரே தராசோடு இருந்தால் என்ன நடக்கும்? வரிசை நிற்கும். கணனியிலும் அதுதான் நடக்கிறது. புரொசெசர் பெரிதாக இருந்து ரெம் சின்னதாக இருந்தால் மெஷின் திணறும்.

புரொசெசரைப் பற்றிச் சொல்வோம். "ஐ5 இருக்கு, ஐ5 இருக்கு" என்று கடையில் சொல்வார்கள். ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. எந்த ஆண்டில் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஐ5-6200யூ என்று ஒன்று உண்டு. அது 2015இல் வந்தது, உள்ளே இரண்டு கோர். ஐ3-1215யூ என்று ஒன்று உண்டு. அது 2022இல் வந்தது, உள்ளே ஆறு கோர். பெயரில் ஐ5 பெரிது, உழைப்பில் அந்த ஐ3 அதைவிட வெகுதூரம் முன்னால் நிற்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 6200 என்றால் ஆறாவது தலைமுறை. 1215, 1235 என்றால் பன்னிரண்டாவது தலைமுறை. 2023க்குப் பின் வந்த சில மெஷின்களில் 'ஐ' என்ற எழுத்தே இல்லாமல் 'கோர் 3', 'கோர் 5' என்று இருக்கும். அது போலி இல்லை, கம்பனி பெயரை மாற்றியிருக்கிறது. ஏஎம்டி கம்பனியின் ரைசன் 3, ரைசன் 5 ஆகியவையும் நல்லவைதான், அவற்றிலும் ஆண்டைக் கேளுங்கள்.

உயர்தரப் படிப்பு, கட்டுரை, கணக்குத் தாள், சூம் வகுப்பு, ஆரம்ப நிகழ்ச்சித்திட்டம், இவ்வளவுக்கும் 2022க்குப் பின் வந்த ஐ3 போதும். பொறியியல் வரைபடம், வீடியோ வெட்டி ஒட்டும் வேலை என்றால் ஐ5 எடுங்கள்.

மலிவு விலையில் 'செலரோன் என்4020' என்று ஒன்று காட்டுவார்கள். உள்ளே இரண்டு கோர்தான். பல வேளைகளில் 4 ஜீபி ரெம்மோடு வரும். பெட்டி புதுசாக, பளபளப்பாக இருக்கும். சூம் வகுப்பைத் திறந்துகொண்டு பக்கத்தில் பாடக் குறிப்பையும் திறந்தால் அது மூச்சு வாங்கும். மலிவு என்று வாங்கி ஒரு வருடத்தில் மூலையில் வைப்பதற்குப் பெயர் மலிவு இல்லை.

அடுத்தது ரெம். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜீபி வேண்டும் என்று கம்பனியே சொல்கிறது. அது நிற்பதற்கு மட்டும், நடப்பதற்கு இல்லை. படிக்கிற பிள்ளைக்கு 8 ஜீபி வேண்டும். 16 ஜீபி என்றால் பல வருடத்துக்குக் கவலை இல்லை. நாங்கள் ஐ3யும் 8 ஜீபியும் உள்ள மெஷினில் சூம் வகுப்பு ஒன்றையும், தமிழ்ப் பாடநூல் ஒன்றையும், கட்டுரை ஒன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் பார்த்தோம். தடங்கல் இல்லாமல் ஓடியது. இணையப் பக்கங்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்துகொண்டே போனபோதுதான் இழுபட்டது.

இங்கே ஒரு நல்ல செய்தி. நாங்கள் சொன்ன விவோபுக்கில் 8 ஜீபி ரெம் பலகையிலேயே ஒட்டியிருக்கும், அதோடு இன்னொரு ரெம் போட ஒரு இடமும் உண்டு. இன்று 8 ஜீபியோடு வாங்கி, இரண்டு வருடம் கழித்துக் கைக்குக் காசு வரும்போது கூட்டிக்கொள்ளலாம். சில மெஷின்களில் அந்த இடமே இல்லை. ஆகவே "பிறகு ரெம் கூட்ட ஏலுமா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது டிஸ்க். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். எஸ்எஸ்டி என்று கேளுங்கள். அதில் சுழல்கிற பாகம் இல்லை. பஸ்ஸில் ஆடினாலும் அடிபடாது, மெஷின் விரைவாகத் திறக்கும். 512 ஜீபி நல்லது, 256 ஜீபி போதும். 'ஈஎம்எம்சி 64 ஜீபி' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே அதை நிரப்பிவிடும்.

பற்றரியும் கரண்டும்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நிலை இப்போது இல்லாவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது மலைநாட்டில் புதிதில்லை. ஆகவே பற்றரியைப் பாருங்கள்.

பற்றரியின் அளவை 'வொட் அவர்' என்று சொல்வார்கள். இந்த மெஷினுக்கு 42. எழுதுவது, படிப்பது போன்ற இலகுவான வேலையில் மெஷின் ஒரு மணித்தியாலத்துக்கு 8 வொட் அளவில் எடுக்கும் என்று வைத்தால், 42ஐ 8ஆல் பிரியுங்கள். ஐந்து மணித்தியாலம் வரும். சூம் வகுப்பில் 12 வொட் எடுத்தால் மூன்றரை மணித்தியாலம். "பத்து மணித்தியாலம் நிக்கும்" என்று கடையில் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

"கரண்ட் பில்லு ஏறிருமே" என்று பயப்படும் அம்மாமாருக்கு ஒரு கணக்கு. நாளைக்கு நான்கு மணித்தியாலம், 30 வொட் என்று கூட்டிப் போட்டாலும் மாதத்துக்கு 3.6 யுனிற்தான். 1,000 வொட் அயர்ன் பெட்டியை அரை மணித்தியாலம் போட்டால் அரை யுனிற். அதாவது ஒரு தரம் அயர்ன் பண்ணும் கரண்டில் மெஷின் நான்கு நாள் ஓடும்.

ஆனால் லயத்து வயரிங் விஷயத்தில் கவனம் வேண்டும். பல்ப் ஹோல்டரில் இருந்து வயர் இழுத்துச் சார்ஜ் பண்ண வேண்டாம். மெத்தையின் மேல், கம்பளியின் மேல் வைத்துச் சார்ஜ் பண்ண வேண்டாம். அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் மூடுபட்டுச் சூடேறும். ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ முழு லயத்தையும் எடுத்துவிடும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்ச் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். முழக்கம் கேட்டவுடன் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள், பற்றரியில் ஓடட்டும்.

விறகடுப்புப் புகையும் மெஷினுக்கு எதிரி. புகைக்கரி உள்ளே போய்க் காற்றாடியில் படியும். குசினியில் இருந்து தள்ளி வையுங்கள். தகரம் ஒழுகும் இடத்துக்குக் கீழே வைக்காதீர்கள்.

பழைய மெஷின் வாங்கினால்

புதிதாக வாங்க வசதி இல்லாதவர்கள் பாவித்த மெஷின் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. நல்லதாகப் பார்த்தால் பாதி விலையில் நல்ல மெஷின் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால், இன்டெல் மெஷின் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். ஆறாவது, ஏழாவது தலைமுறை மெஷினை "சுப்பர் கண்டிசன்" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். கவனமாக இருங்கள். ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயக்கத்தைப் போட்டால் படிப்புக்கு இன்னும் சில வருடம் உதவும்.

பாவித்த மெஷினில் பற்றரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் அந்த வசதி உண்டு. 'டிசைன் கெபாசிற்றி' என்பது பிறந்தபோது இருந்த அளவு, 'ஃபுல் சார்ஜ் கெபாசிற்றி' என்பது இப்போது இருக்கும் அளவு. 42 இருந்த இடத்தில் 20 இருந்தால் பாதி உயிர் போய்விட்டது என்று அர்த்தம். புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

தமிழ் எழுத்து

மெஷின் வாங்கியவுடன் பிள்ளைகள் தமிழில் தட்டச்சுப் பழகட்டும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு மெஷினில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் போனிலும் தெரியும், கந்தோரிலும் தெரியும். கட்டுரை எழுத லிப்ரே ஒபிஸ் இலவசம். திருட்டு விண்டோஸ், திருட்டு ஒபிஸ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதோடு வைரஸும் வரும்.

காசு கொடுக்கும் விதம்

கடைசியாக, இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. இரண்டு இலட்சம் ரூபா மெஷினை மாதம் 11,000 ரூபா வீதம் 24 மாதத் தவணையில் எடுத்தால் மொத்தம் 2,64,000 ரூபா. மேலதிகம் 64,000. அது 47 பேர். இரண்டு மாதத்துக்குக் கிட்ட நீங்கள் கடைக்காரருக்காக மலை ஏறுகிறீர்கள். தவணைக்காரர் மாதக் காசை மட்டும்தான் சொல்வார். "மொத்தம் எவ்வளவு?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒரு தவணை பிந்தினால் என்ன தண்டம் என்பதையும் கேளுங்கள். விளங்காத பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். எங்களிடம் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.

முடிந்தால் சீட்டுப் பிடித்துச் சேர்த்து, கைக்காசுக்கு வாங்குங்கள். ஐ5க்குப் பதிலாக ஐ3 எடுத்தால் மிஞ்சும் காசில் டேட்டாவும் ஒரு நல்ல பையும் வாங்கலாம்.

பற்றுச்சீட்டுக் கட்டாயம் வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. மாதிரி இலக்கம், மெஷினின் தொடர் இலக்கம், எத்தனை வருட வொரண்டி, பற்றரிக்கு எத்தனை மாதம், எல்லாம் அதில் இருக்கட்டும். ஏமாற்றினால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். நாங்கள் தோட்டத்துச் சனம் என்று தயங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிற எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்பட வேண்டாம். அம்மாவும் அப்பாவும் 148 நாள் அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று சேர்த்த காசை ஒரு மணித்தியாலம் பொறுமையாக நின்று செலவழியுங்கள்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்தபின் கேளுங்கள். கடையில் விலை கேட்டு எழுதிய தாள் ஏதும் கையில் இருந்தால் அதையும் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.